கன்னியம்மாளுக்கு மட்டும் கேட்காதது

அடி அண்ணாமலையில் தங்கம்மாளின் மருமகள் கன்னியம்மாளின் உடம்பிலிருந்து எந்நேரமும் ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து மதிலில் தொடங்கி ஏரிக்கரை வரை அது கேட்டது. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை, ஏனென்றால் பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது.

வைகாசியில் கல்யாணமாகி அவள் அந்தத் தெருவில் காலெடுத்து வைத்த அன்றைக்கே சத்தமும் வந்துவிட்டது. மேளம், மைக் செட், பந்திப் பாத்திரங்கள் எல்லாம் அடங்கிய பிறகும் அது மட்டும் அடங்கவில்லை. யாரோ உதட்டை மூடிக்கொண்டு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல, உரக்கவும் இல்லாமல் அறுபடவும் செய்யாமல் இருந்தது. வயர்மேன் வந்து டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் காதை வைத்துப் பார்த்துவிட்டு இங்கே இல்லை என்று போனார். மேல்நிலைத் தொட்டி மோட்டாரை நிறுத்திப் பார்த்தார்கள். இந்த ஊரில் காரணம் தெரியாத எதுவும் முதலில் மலையின் பெயரில்தான் எழுதப்படும். பௌர்ணமிக்கு வந்த வெளியூர்க் கூட்டம் ஒன்று மலையே பிரணவம் சொல்கிறது என்று முடிவு செய்து, ஏரிக்கரை ஓரமாக ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணி சுற்றி, ‘ஓங்கார ஸ்தலம்’ என்று பலகை வைத்தது. ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளிலிருந்து வெள்ளைக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கல்லுக்கு எதிரில் கண்மூடி உட்கார்ந்தார்கள். செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டும் மணிவேல், அதாவது கன்னியம்மாளின் கணவன், தானே சிலரை அழைத்துவந்து இறக்கிவிட்டான். வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று கன்னியம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோனபோது சத்தம் நெருங்கி வந்தது. அதைத் தங்கள் தியானம் கைகூடியதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடி மாதத்தில் தாய்வீட்டில் விடுவது வழக்கம் என்பதால், வேங்கிக்காலிலிருந்து அவள் அம்மா தட்டுவரிசையோடு வந்து மகளை அழைத்துப் போனாள். ஆட்டோ தெருமுனை திரும்பும்போது சத்தம் மெலிந்து, பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் இல்லாமலே போயிற்று. கல்லுக்கு எதிரில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கே தன்னைத்தானே பூசாரியாக நியமித்துக்கொண்டவர், ஆடியில் மலை மௌனவிரதம் இருக்கும் என்று விளக்கம் சொன்னார்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் அடுத்த வீட்டு இருசப்பன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். பல வருடங்களுக்கு முன்பு ஒரு திருவிழாவில் வாணவெடி பக்கத்திலேயே வெடித்ததிலிருந்து அவர் இடது காதுக்குள் ஒரு விசில் ஊதிக்கொண்டே இருந்தது. பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் பழகவில்லை. பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தார், மாட்டை அடித்தார், பிறகு தொழுவத்தில் போய் அதே மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். வைகாசியில் அந்த விசில் நின்றது, ஆடியில் மறுபடி ஊதத் தொடங்கியது. பட்டா மாறுதலுக்கு மனு கொடுக்க ஒரு திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனவர், எதிர்த்தெருவில் டீ குடிக்க நின்றபோது காதுக்குள் கயிறு அறுந்ததுபோல விசில் நின்றது. டம்ளரைக் கையில் பிடித்தபடியே அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்து பார்த்தார். சத்தம் ஒரு மாடியிலிருந்து வந்தது. மாடியில் கன்னியம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரர் என்று அடையாளம் தெரிந்து அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் மனுவைக் கொடுக்காமலே ஊர் திரும்பித் தங்கம்மாள் வாசலில் நின்றார்.

“யக்கா, அது மலையும் இல்ல, மோட்டாரும் இல்ல. உன் மருமவ.”

“இன்னாடா என் மருமவ?”

“அந்த சத்தம். அவகிட்டருந்துதான் வருது.”

“வாயே தொறக்காத பொண்ணு மேல சத்தம் போடறான்னு பழி சொல்றியே, நாக்கு அழுவிடும்டா உனக்கு.”

நாக்கு அழுகவில்லை. ஆடி முடிகிறவரை இருசப்பன் காலையில் வயல் வேலையை முடித்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் போய், அந்த டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டு வந்தார். வேங்கிக்காலில் இத்தனை வருடம் யாரும் ஏன் கவனிக்கவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு கன்னியம்மாள் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்தாள். பெர்மிட்டுக்கு மனு அடிக்கப் போன மணிவேலின் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தாள். அவன் திருத்திக்கொண்டு மறுபடியும் மறுபடியும் போனான், கடைசியில் மனு இல்லாமலே போனான். கடையில் கேட்ட சத்தம் ஜெராக்ஸ் மெஷினுடையது என்றும், வீட்டருகே கேட்டது கலெக்டர் ஆபீஸ் ஜெனரேட்டருடையது என்றும் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் கல்யாணமாகிப் போனதும் மெஷின் சத்தமில்லாமல் ஓடுகிறதே, ஏதோ கோளாறு என்று கடைக்காரர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் இரண்டு உதிரிபாகங்களை மாற்றியும் பழைய சத்தம் வரவில்லை.

ஆவணியில் அவள் திரும்பினாள். ஆட்டோ கண்ணில் படும் முன்பே சத்தம் வந்துவிட்டது. தெருவில் நின்றிருந்தவர்கள் அன்றோடு சந்தேகத்தை விட்டார்கள். ஏரிக்கரைப் பலகையை யாரோ கோழிக்கூண்டுக்குக் கூரையாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

மீதி இருந்தது சத்தத்துக்குப் பெயர் வைப்பது மட்டும்தான். பிள்ளைகள் ‘ஞொய்ங் அக்கா’ என்றார்கள். “என் மருமவ இன்னா கொசுவா?” என்று தங்கம்மாள் துடைப்பத்தோடு துரத்தினாள். பள்ளிக்கூடத்து ரேவதி டீச்சர்தான், அதற்கு ரீங்காரம் என்று நல்ல சொல் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தாள். அதுவரை பாடப் புத்தகத்தில் படுத்திருந்த அந்தச் சொல் எழுந்து தெருவுக்கு வந்து புழங்கத் தொடங்கியது. நன்றாகத் தூங்கினாயா என்பதற்கு ‘ரீங்காரம் எப்டி?’ என்று கேட்டார்கள். நகரப் பேருந்தில் ‘ரீங்காரம் ஆரம்பிக்கற எடத்துல நிறுத்துங்க’ என்றால் கண்டக்டர் விசில் அடித்தார். மனை விற்கிறவர்கள் ‘ரீங்காரத்துக்குள்ள’, ‘ரீங்காரத்துக்கு வெளிய’ என்று இரண்டு விலை சொன்னார்கள். அவள் உடம்புக்கு முடியாமல் படுத்தால் ‘ரீங்காரம் கம்மியா கீது’ என்று கஷாயம் வந்தது. தங்கம்மாளுக்குத்தான் சங்கடம். மருமகளை ஒரு வார்த்தை கடிந்துகொண்டால்கூட நாலு வீடு தள்ளி, “இன்னாக்கா, காலைலயே ரீங்காரம் ஜாஸ்தியா கீதே, வீட்ல சண்டையா?” என்று கேட்டார்கள்.

ஊர் அவளுக்கு நன்றியோடு இருந்தது. பௌர்ணமி தோறும் கிரிவலக் கூட்டத்தின் ஒலிபெருக்கியும் பீப்பீயும் வீட்டுக்குள் நுழையாமல் ரீங்காரம் தெருமுனையிலேயே தடுத்து நிறுத்தியது. தொட்டில் பிள்ளைகள் வீரிட்டு அழுவதை விட்டன. கன்று ஊட்டாமலே மாடுகள் பால் சுரந்தன. விடிந்ததும் தங்கம்மாள் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை, சீம்பால், மல்லாட்டை, இளநீர் என்று ஏதாவது ஒன்று இருந்தது. எதிரே வருகிறவர்கள் கன்னியம்மாளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இருசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அவளுக்கு எதுவும் புரியவில்லை. கடையில் அவள் அடித்த மனுக்கள் எல்லாம் நன்றி என்றுதான் முடிந்தன, ஆனால் அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. இங்கே காரணம் தெரியாமல் கூடை கூடையாக வந்தது. மணிவேலுக்கு செல்போனில் எழுதிக் கேட்டாள். அவள் எழுத்து எப்போதும் அச்சில் வந்ததுபோல இருக்கும்.

“நான் என்ன வேலை செய்தேன் என்று எனக்கு நன்றி சொல்கிறார்கள்?”

“உன் ரீங்காரத்துக்குதான் கன்னி.”

அவள் அகராதியைப் பார்த்தாள். ரீங்காரம் என்றால் வண்டு முதலியவற்றின் ஒலி என்று இருந்தது. ஒலி என்ற இடத்தில் செவியால் உணரப்படுவது என்றும், செவி என்ற இடத்தில் கேட்கும் உறுப்பு என்றும், கேட்டல் என்ற இடத்தில் ஒலியை உணர்தல் என்றும் இருந்தது. ஒவ்வொரு கதவும் பூட்டிய இன்னொரு கதவைக் காட்டியது. அவளுக்குத் தெரிந்த வண்டு, சிறுவயதில் அவள் கன்னத்தில் கொட்டிய வண்டுதான். இன்னொன்றும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. படித்த பள்ளியின் ஆண்டுவிழாவில் வெளியிலிருந்து வந்திருந்த சில பிள்ளைகள் அவளை மேடையில் ஏற்றி வாயை அசைக்கச் சொன்னார்கள். அசைத்தாள். கை தட்டினார்கள், பிரமாதமாகப் பாடினாய் என்று சைகை காட்டினார்கள், பிறகு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சத்தம் தொடர்பாக யாராவது தன்னைப் புகழ்ந்தால் அதற்கு என்ன பொருள் என்று அன்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு தெருவே சேர்ந்துகொண்டு அதைச் செய்யும் என்று மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் இருந்த கீரையை, பாலை, மல்லாட்டையை எல்லாம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கொடுத்ததைத் திருப்புவது இந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வராமல் இருப்பதற்குச் சமம். இருசப்பனின் கீரைக்கட்டு மூன்றாம் முறை திரும்பி வந்தபோது அவர் தங்கம்மாளிடம், “நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்? கீரைல புழு கிழு இருந்துச்சா?” என்று கேட்டார். கன்னியம்மாள் மணிவேலுக்கு எழுதிவிட்டாள். “செய்யாத வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன். கேலிக்குக் கூலியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வேங்கிக்கால் போகிறேன், கடையில் வேலை கேட்டுவிட்டேன். நீ வருவதென்றால் அங்கே வா.”

ஒரு சொல்லின் பொருளை ஒருத்திக்கு விளங்க வைப்பது ஊர்வேலையானது அப்படித்தான். ரேவதி டீச்சர் செல்போனில் சத்தத்தைக் கோடாகக் காட்டும் செயலியைக் கொண்டுவந்தாள். கோடு துள்ளியது. அந்த நேரம் பார்த்துத் தெருநாய் குரைக்க, கோடு இன்னும் உயரமாகத் துள்ளியது. கன்னியம்மாள் நாயைக் காட்டி, அதற்குப் பால் கொண்டுபோய் வையுங்கள் என்று சைகை செய்தாள். செங்கம் சாலை விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி விளிம்பைத் தேய்த்து அதிர வைத்தாள். கன்னியம்மாள் கிண்ணத்தைப் பாராட்டினாள். மணிவேல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவின் மேல் அவள் உள்ளங்கையை வைத்தான். அவள் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: “இது வண்டி. நான் வண்டி அல்ல.” இருசப்பன் கன்னத்தை உப்பி, கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டிக் காட்டினார். அவருக்குப் பல்வலி என்று நினைத்து அவள் கிராம்பு எடுத்துவந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மருமகள் போகிற வீட்டுக்குக் கோலம் எதற்கு என்று தங்கம்மாள் அன்று வாசல் தெளிக்கவில்லை. சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது. மணிவேல் எதுவும் எழுதாமல் விடியற்காலையிலேயே சவாரிக்குப் போய்விட்டான். கன்னியம்மாள் துணிப்பையோடு வெளியே வந்தபோது வாசலில் இருசப்பன் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பச்சரிசி மாவோடு நின்றார். போகிற பெண் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவர் மனைவி கொடுத்தனுப்பியது. அவள் வேண்டாம் என்று தள்ளினாள். அவர் வாங்கிக்கோ என்று தள்ளினார். அவள் தள்ள, அவர் தள்ள, மூடி கழன்று மாவு அத்தனையும் தரையில் கொட்டியது.

கொட்டிய மாவு கொட்டிய இடத்தில் இருக்கவில்லை. குவியலின் ஓரம் முதலில் கலைந்தது, பிறகு உள்ளிருந்து மெல்லக் கிளம்பித் தரையெங்கும் பரவியது. காற்று இல்லை. கோபத்தில் அவள் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாவு முள் முள்ளாகக் கூர்ந்து ஒரு நட்சத்திரமாக நின்றது. இது என்ன என்று அவள் திகைத்தபோது கூர் மழுங்கி வளைந்தது, வளைவோடு வளைவு பின்னி, நடுவில் ஒரு சிறு வட்டம் திறந்தது. அந்தத் தெருவில் இதற்கு முன் யாரும் இதைப் பார்த்ததில்லை, ஏனென்றால் தண்ணீர் தெளித்த வாசலில்தான் கோலம் போடுவார்கள், ஈரத்தில் விழுந்த மாவு நகராது.

அவள் பயந்து மூச்சைப் பிடித்தாள். மாவு அப்படியே நின்றது. அதே கணம் இருசப்பனின் முகம் சுருங்கி, கை இடது காதுக்குப் போனதை அவள் பார்த்தாள். மூச்சை விட்டாள். மாவு நகர்ந்தது. இருசப்பனின் கை காதிலிருந்து இறங்கியது, நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அவள் மறுபடி மூச்சைப் பிடித்தாள். மாவு நின்றது, அவர் கை ஏறியது. விட்டாள். அவர் முகம், பாரம் இறக்கி வைத்தவன் முகமானது. மாவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். இன்னொரு முறை செய்து பார்த்தாள்.

“போதும் தாயி, சோதிச்சது போதும். வலிக்குது” என்று இருசப்பன் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். அந்தச் சிரிப்பில் யார் தோளிலும் யாரும் சாயவில்லை.

அவள் தரையைப் படம் எடுத்து மணிவேலுக்கு அனுப்பினாள்.

“இதுவா?”

அவன் ஏதோ ஒரு சாலையோரம் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். பதில் உடனே வந்தது. “அதேதான்.”

“எல்லோருக்கும் இது தெரிகிறதா?”

“எங்களுக்குக் கேக்குது. உனக்குத் தெரியுது.”

“அழகாக இருக்கிறது.”

“அதத்தான் இத்தன நாளா எல்லாரும் சொல்றோம் கன்னி.”

அவள் பையை வாசல்படியில் வைத்துவிட்டு இருசப்பனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவரும் கூப்பிய கையை இறக்காமல் நின்றார். யார் முதலில் இறக்குவது என்று தெரியாமல் இருவரும் நின்றுகொண்டிருந்தபோது தங்கம்மாள் வெளியே வந்து, “இன்னாடா இது, வாசலா கோயிலா?” என்று கேட்டுவிட்டு, தரையைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எறும்புகள் வந்து வளைவுகளின் மேலேயே வரிசையாக நடந்தன. அவை மாவைத் தூக்கிக்கொண்டு போய் முடிக்கும்வரை கன்னியம்மாள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கீரையும் திரும்பிப் போகவில்லை.

தெருவில் கோலம் போடும் வழக்கம் அந்த ஐப்பசியோடு மாறிவிட்டது. வாசல் தெளிக்காமல் இருப்பதாவது என்று தங்கம்மாள் மறித்ததால், சீக்கிரமே தெளித்துக் காயவிட்டு, பிறகு ஒரு பிடி மாவை வீசிவிட்டு உள்ளே போய் அடுப்பு மூட்டுவது என்று ஏற்பாடானது. பால் பொங்குவதற்குள் கோலம் முடிந்திருக்கும். வருடங்கள் போயின. கன்னியம்மாளுக்கு இனியா என்று ஒரு மகள் பிறந்த வாரம் முழுவதும் எல்லா வாசலிலும் கோலம் சுவரில் ஏறுமளவுக்குப் பெரிதாக இருந்தது. ரேவதி டீச்சர் வகுப்பில் ரீங்காரம் என்றால் என்ன என்று கேட்டால், பிள்ளைகள் வாயால் சொல்லாமல் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். பரீட்சையில் அது செல்லாது, வண்டின் ஒலி என்றும் எழுதுங்கள் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

சென்ற மார்கழியில் திருவண்ணாமலையில் ஒரு சங்கம் கோலப்போட்டி வைத்தது. நடுவர்கள் மூவர் காலையில் தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கும் வந்தார்கள். அந்தத் தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை நடந்துவிட்டு, ஓரமாக நின்று பேசி, கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாம் மிக அருமை, ஆனால் இத்தனையும் ஒரே கை போட்டதாகத் தெரிகிறது, விதிப்படி ஒருவருக்கு ஒரு கோலம்தான் என்றார்.

“ஆமாங்க, ஒரே ஆளுதான்” என்றார்கள் பெண்கள்.

“யாருங்க அவங்க? கொஞ்சம் வரச் சொல்லுங்க.”

“இன்னும் எழுந்திருக்கலைங்க. தூங்குறாங்க.”

நடுவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்போதுதான் அவர்களுக்கும் அது கேட்டது. தங்கம்மாள், “சும்மா சத்தமா பேசுங்க சார், அவளுக்குக் கேக்காது” என்றாள். அவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மாவை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து, அடுத்த தெருவுக்குப் போனார்கள்.